மூலை தூக்கியிருந்த படிகம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஆய்வுக்கூடத்தின் இப்போதைய பொறுப்பாளர் கேட்டார். கருவிகளை இயக்குவது பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அது என்னைவிட ஒழுங்காகச் சொல்லும். முப்பது வருஷத்துக்கு மேல் படிகங்களை மேடையில் ஒட்டி, குளிர்வித்து, காந்தத்துக்குள் சுழற்றியவள் நான். ஒரு திங்கட்கிழமை காலை பதிவேட்டில் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதினேன். அதனால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி அதோடு முடிந்துபோனது. அதை மட்டும் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் இப்படி ஒரு கூடமா என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். வாயு ஆலை பக்கத்தில் இருந்ததால் திரவ நைட்ரஜன் சுலபமாகக் கிடைத்தது, அதுதான் காரணம். ஆனால் சுற்றிலும் இருந்த இரும்பு உருக்காலைகளில் மின் உலை ஓடினால் எங்கள் மீட்டரில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அதனால் நுணுக்கமான அளவீடுகளை ஆலைகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான் செய்வோம். ஆராதனைக்கு வராமல் கூடத்துக்குப் போகிறேன் என்று போதகரிடம் பலமுறை பேச்சு வாங்கியிருக்கிறேன்.

சுகுணா ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவாள். நெல் விளையும் நிலம் வைத்திருந்த குடும்பம். முனைவர் பட்டத்துக்கு நாலு வருஷம் உழைத்தும் கையில் ஒரு முடிவும் இல்லாமல் இருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

"எங்க நைனா ஊர்ல இன்னா சொல்லிக்கினு இருக்காரு தெரியுமாக்கா? எம்பொண்ணு ஐஸ் பேக்டரில பெரிய ஆபீசர்னு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

அவள் எடுத்துக்கொண்டது பிஸ்மத்தும் செலினியமும் சேர்ந்த ஒரு படிகம். அதில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் கலந்து மிகமிகக் குளிர வைத்தால் மீக்கடத்தியாகிவிடும். மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அது சாதாரண மீக்கடத்தியா, இல்லை இடவியல் மீக்கடத்தி என்று சொல்கிற புதுவகையா என்று பல நாடுகளில் தேடிக்கொண்டிருந்த காலம். அந்தப் படிகத்தில் அணுக்கள் முக்கோண ஒழுங்கில் அமைந்தவை. நூற்றிருபது பாகை திருப்பி வைத்தால் திருப்பியதே தெரியாது. ஆகவே காந்தப்புலத்தை அதைச் சுற்றிக் கொண்டுவந்தால் மீக்கடத்தலும் ஒரு சுற்றில் ஆறுமுறை ஒரே மாதிரி ஏறி இறங்கவேண்டும், அல்லது ஏற்ற இறக்கமே தெரியாமல் இருக்கவேண்டும். இரண்டே முறை ஏறி இறங்கினால் கதை வேறு. படிகம் மூன்று திசைகளையும் சமமாக வைத்திருக்கும்போது, உள்ளே ஓடும் எலக்ட்ரான் ஜோடிகள் தாமாகவே ஒரு திசையைத் தேர்ந்துகொண்டன என்று பொருள். சுழற்சிச் சமச்சீர் முறிவு என்பது இதுதான். புதுவகை மீக்கடத்திக்கு அது பெரிய சாட்சி.

இதில் ஏமாறுவதற்கும் இடம் உண்டு. படிகம் மேடையில் சாய்ந்து ஒட்டியிருந்தாலும் அதே மாதிரி இரண்டுமுறை ஏறி இறங்கும் வளைகோடு கிடைக்கும். பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. படிகத்தைப் பெயர்த்து, வேறு கோணத்தில் திருப்பி ஒட்டி, மறுபடி அளக்கவேண்டும். படிகத்தோடு சேர்ந்து வளைகோடும் அதே அளவு திரும்பினால் அது படிகத்தின் குணம். இல்லையென்றால் நாம் ஒட்டியதில் கோளாறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் படிகத்தை ஒட்டிக் குளிர்வித்துக் கொடுத்திருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். சுகுணா கணினித் திரையைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ரெண்டுதான்க்கா."

எண்ணிப் பார்த்தேன். இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நடுவில் பக்கத்து ஆலையில் யாரோ உலையைக் கொஞ்சநேரம் ஓட்டியதால் சில புள்ளிகள் குதித்திருந்தன. மற்றபடி சுத்தமான வளைகோடு. அவள் சத்தம் போடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று அளந்தாள். அதே வளைகோடு வந்தது.

மறுநாள் காலை, அறை வெப்பத்துக்கு வந்துவிட்ட கருவியைத் திறந்தேன். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். படிகம் ஒரு நெல்மணி நீளம் இருக்கும், செவ்வகம். அதன் ஒரு மூலை மேடையை விட்டுத் தூக்கியிருந்தது. அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை நுழையும் இடைவெளி.

ஒட்டு எப்போது விட்டது? குளிரும்போது விட்டிருந்தால் நேற்று அளந்தது முழுக்கச் சாய்ந்த படிகத்தை, வளைகோட்டை நம்பமுடியாது. அளந்து முடித்துச் சூடேறும்போது விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. இரண்டும் நடக்கக்கூடியதுதான். எனக்குத் தெரியாது. அன்று எனக்குத் தெரிந்த ஒரே உண்மை, எனக்குத் தெரியாது என்பது.

முந்தின வாரம் ஒரு படிகம் என் கையில் உடைந்திருந்தது. எங்கள் தலைவர், அவரை சார் என்றே சொல்கிறேன், எல்லார் முன்னாலும், "எஸ்தருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதை நினைத்துக்கொண்டே வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. இப்போது இதைச் சொன்னால் ஒட்டத் தெரியாதவள் என்று ஆகிவிடும். சுகுணா அழுத முகமும் கண்முன்னால் நின்றது. அவள் உதவித்தொகை முடிய ஆறு மாதம்தான் இருந்தது.

சூடேறும்போதுதான் விட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டில் எது உண்மை என்று பார்க்கவில்லை. எது எனக்குச் சுலபமோ அதை எடுத்துக்கொண்டேன். இடுக்கியின் முனையால் அந்த மூலையை அழுத்தினேன். படிந்துவிட்டது. பதிவேட்டில் தேதி போட்டு, "மவுண்டிங் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு சார் எங்களைக் கூப்பிட்டார். திருப்பி ஒட்டி அளக்கவேண்டும் என்று சொன்னது சுகுணாவேதான்.

"இன்னொரு தபா முப்பது பாகை திருப்பி வச்சுப் பார்த்துடலாம் சார். அப்புறம் எழுதலாம்."

"மறுபடி குளிர வைக்க ஹீலியம் இல்லம்மா. அடுத்த சிலிண்டர் எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல. இதே படிகத்தை இன்னும் எத்தனை பேர் அளந்துக்கிட்டு இருக்காங்கன்னு உனக்கே தெரியும்" என்ற சார் என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், இன்னிக்குத் திறந்து பார்த்தீங்க இல்ல? எப்படி இருந்தது?"

இப்போது எண்ணிப் பார்த்தால், அது கதவைத் திறந்துவிட்ட மாதிரியான கேள்வி. ஒரு மூலை தூக்கியிருந்தது சார் என்று சொல்ல மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

"நல்லா இருந்தது சார்" என்றேன்.

சுகுணா நிம்மதியாக மூச்சுவிட்டாள். "அக்கா சொன்னா சரிதான் சார்."

கட்டுரை வெளியானது. அதைக் காட்டி அவள் உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டித்தார்கள். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருந்தது. மாதிரியை மிகுந்த கவனத்தோடு பொருத்தியதற்காக என்று போட்டிருந்தாள். அச்சடித்து என் மேஜைக்கு மேலே அவளே ஒட்டிவிட்டுப் போனாள்.

ஏழெட்டு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களும் அதே பொருளை அளந்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் படிகத்தைத் திருப்பி ஒட்டி அளந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அளந்துவிடலாம் என்றார் சார். அப்போது ஹீலியம் கையில் இருந்தது.

அந்தப் படிகம் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நான் கரைப்பானை விட்டு ஒட்டை இளக்கி, மெல்லப் பெயர்த்தேன். இரண்டாகப் பிரிந்தது. தொட்டதும் ஒவ்வொரு பாதியும் செதில்செதிலாக உதிர்ந்தது. பிளவு எங்கிருந்து தொடங்கியது என்று உருப்பெருக்கியில் பார்த்தேன். இடுக்கி முனையின் தடம் அங்கே இருந்தது. அழுத்தியது நான்.

"வுடுக்கா, வேணும்னேவா பண்ணீங்க? நம்ம உலையில வளர்த்த படிகம் இன்னும் இருக்குது" என்று சுகுணாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மீதியிருந்த படிகங்களில் பாதி மீக்கடத்தவே இல்லை. மீக்கடத்தியவற்றில் அந்த இரட்டை வடிவம் மங்கலாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. சேதி எப்படியோ வெளியில் போனது. யாரோ புகார் எழுதினார்கள். வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் இருந்ததை வைத்து யோசித்தார்கள். கருவி சரியாக இருக்கிறது. படிகம் சரியாகப் பொருந்தியிருந்தது என்று பதிவேடு சொல்கிறது. அப்படியென்றால் அந்த வளைகோடு எங்கிருந்து வந்தது? சுகுணா தரவிலிருந்து சில புள்ளிகளை நீக்கியிருந்தாள், உலை ஓடியபோது குதித்த அந்தப் புள்ளிகளை. ஏன் நீக்கினேன் என்று எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உலை ஓடியதற்கு ஆலையில் பதிவு இல்லை. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை எடுத்துவிட்டாள் என்று அவர்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பதிவேட்டை என் முன்னால் திருப்பி வைத்தார் குழுவில் இருந்த அம்மா ஒருவர்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதுல மாத்திச் சொல்ல ஏதாவது இருக்கா?"

சார் அங்கே உட்கார்ந்திருந்தார். சுகுணா எதிரில் இருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

பொய் வளர்கிற விதத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும். முதல் நாள் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு திட்டு. கடிதம் வந்த அன்று சொல்லியிருந்தால் ஒரு கண்டிப்பு. இப்போது சொன்னால் ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கியவள் நான். ஒவ்வொரு நாளும் சொல்வதற்கான காரணம் கூடிக்கொண்டே போனது, பயமும் அதே அளவு கூடியது.

அடுத்த அமர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதுவரை சுகுணா கூடத்துக்குள் வரக்கூடாது என்று அவளுடைய நுழைவு அட்டையை முடக்கிவிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு நான்தான் வாசல் வரை போனேன். காவலாளி எங்களுக்குத் தெரிந்தவர். அவளைப் பார்க்கச் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். கேட் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு சுகுணா கேட்டாள்.

"அக்கா, நான் எதையும் மாத்தலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"நீங்க ஒருத்தர் நம்பறீங்களே, அது போதும்க்கா."

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாளே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் குழுவுக்குக் கொடுத்தேன். இரண்டாவது அமர்வில் வாயாலும் சொன்னேன்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று அதே அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வெளியே வந்ததும் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே எஸ்தர்?" என்றார். பிறகு, "திட்டுவேன்னு நீங்க பயப்படற மாதிரி நடந்துக்கிட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

சுகுணா தரவைத் திரிக்கவில்லை என்று குழு எழுதிக் கொடுத்தது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஆனால் அந்த அறிக்கை வருவதற்கு முன்பே அவளுடைய விலகல் கடிதம் வந்துவிட்டது. அவள் ஏமாற்றினாள் என்ற பேச்சு போன இடத்துக்கெல்லாம், ஏமாற்றவில்லை என்ற அறிக்கை போகவில்லை. விண்ணப்பித்த இரண்டு இடங்களில் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் புத்தகங்களை எடுத்துப்போக அவள் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சாக்குப்பை. மேஜையைக் காட்டினேன். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டபடி கேட்டார்.

"எம்பொண்ணு இன்னாம்மா தப்பு பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலைங்க. தப்பு பண்ணது நான்."

"ஊர்ல அப்டி சொல்லலியேம்மா" என்றார். பையின் வாயைக் கயிற்றால் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார்.

எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. குளிர்விப்பதற்கு முன்பும் திறந்த உடனேயும் படிகத்தைப் படம் எடுக்கவேண்டும், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று உங்கள் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. வீண்வேலை என்று உங்களில் சிலர் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த விதி வந்தது இப்படித்தான்.

பிறகு வந்த வருஷங்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த படிகங்களில் பல நாடுகளில், பல முறைகளில் அந்த இரட்டை வடிவத்தைப் பார்த்தார்கள். படிகத்துக்குப் படிகம் திசை மாறலாம், சிலவற்றில் வெவ்வேறு திசைகள் கலந்து மங்கிப் போகலாம் என்பதும் தெரியவந்தது. அதாவது, மற்றப் படிகங்களில் வராததால் சுகுணாவின் வளைகோடு பொய் என்று ஆகாது. அவள் பார்த்தது உண்மையாகவே இருந்திருக்கலாம். அந்தக் கட்டுரைகளை நான் அச்சடித்துப் படித்தேன். பாதி புரியவில்லை. படத்தில் இருந்த இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் புரிந்தன.

ஓய்வு பெற்ற பிறகு அவளைத் தேடிப் போனேன். கல்யாணமாகி மணவாள நகரில் இருந்தாள். திருவள்ளூர் பக்கத்தில் ஒரு வார்ப்பட ஆலையில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து, வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று சொல்கிற வேலை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே வீடு. கதவைத் திறந்தவள் தாழ்ப்பாளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்கக்கா" என்றாள்.

காபி கொடுத்தாள். நான் வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். தூக்கியிருந்த மூலை, இடுக்கி, சாரிடம் சொன்னது, குழுவின் முன்னால் முதல்தடவை சொன்னது எல்லாம். குழு அனுப்பிய கடிதத்தில் அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள். மன்னித்துவிடு என்று கடைசியாகச் சொன்னேன்.

எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். தாளில் நீளமாக ஒரு செவ்வகம் வரைந்தாள். ஒரு குறுகிய பக்கத்தில் இரண்டு கோடு இழுத்தாள்.

"இதான் படிகம். இது அளக்கறதுக்கு ஒயர் ஒட்டின பக்கம்." ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "எனக்குப் பள்ளம் வந்தது இந்தக் குறுக்குலக்கா. இத்தனை வருசம் ஆச்சு, இன்னும் மறக்கல. மூலை தூக்குனா அந்த மூலை இருக்கற குறுக்குலதான் சாய்வு. பள்ளமும் அங்கதான் வரும். அப்ப, தூக்குனது இந்த ரெண்டு மூலைல ஒண்ணுன்னா, நான் பார்த்தது வெறும் சாய்வு." பேனாவால் மற்ற இரண்டு மூலைகளையும் தொட்டாள். "இந்த ரெண்டுல ஒண்ணுன்னா, சாய்வால அந்தப் பள்ளம் வரவே முடியாது. நான் பார்த்தது நெசம்."

தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தாள்.

"எந்த மூலைக்கா?"

நான் அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன். இடுக்கியின் குளிர்ச்சி விரலில் வந்தது. உருப்பெருக்கியின் வட்டம் வந்தது. தூக்கியிருந்த இடைவெளியில் தெரிந்த நிழல்கூட வந்தது. அது ஒயர் பக்கமா, இந்தப் பக்கமா, வலமா, இடமா என்பது மட்டும் வரவில்லை. இடுக்கித் தடம் இருந்த துண்டும் அன்றே செதிலாக உதிர்ந்துபோனது. படம் எடுக்கவில்லை. எழுதிவைக்கவில்லை. எழுதியது ஓகே.

அவள் காத்திருந்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ பெயர் சொல்லி மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் பேனா தானாக ஒரு மூலையை நோக்கி நகர்ந்தது. அந்தக் கோடு தொடாத மூலை. இவ்வளவு இழந்தவளுக்கு இதையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

சுகுணா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்காவ ஒரு மூலைய காட்டாதீங்கக்கா" என்றாள்.

பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். நான்கு மூலையிலும் ஒரு குறியும் இல்லை.